கைது எண்ணிக்கையை எப்படிப் படிப்பது: வட சென்னையின் போதைப்பொருள் விவாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில் போதைப்பொருள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஓர் எண்ணும் வந்துவிடுகிறது. இத்தனை பேர் கைது, இத்தனை கிலோ கஞ்சா பறிமுதல், சென்ற ஆண்டைவிட இத்தனை சதவீதம் அதிகம் என்பார்கள். ஆளுங்கட்சிக்காரர் அந்த எண்ணைக் காட்டி, நடவடிக்கை தீவிரமாகியிருக்கிறது என்கிறார். எதிர்க்கட்சிக்காரர் அதே எண்ணைக் காட்டி, நிலைமை கைமீறிவிட்டது என்கிறார். அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைந்தால், போதைப்பொருள் ஒழிந்துவருகிறது என்று ஒருவரும், காவல்துறை கண்டுகொள்வதில்லை என்று மற்றவரும் சொல்வார்கள். ஏறினாலும் இறங்கினாலும் இரு தரப்புக்கும் கைகொடுக்கும் ஓர் எண், தனியாக நின்று எந்தத் தரப்பையும் நிரூபிப்பதில்லை. அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பொதுக்கூட்டத்தில் பேசுபவரும், செய்தி எழுதுபவரும், குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுபவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இது: கைது என்பது காவல்துறை செய்யும் ஒரு செயல். போதைப்பொருள் வைத்திருக்கும் ஒருவரும் அவரை நிறுத்திச் சோதிக்கும் ஒரு காவலரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டால்தான் அந்த எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஆகவே வைத்திருப்பவர்கள் பெருகினாலும் எண் கூடும், சோதனைகள் பெருகினாலும் எண் கூடும். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளின் மீன் வரத்து நின்றுபோவதைப் பார்த்து, கடலில் மீன் அற்றுப்போய்விட்டது என்று அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள். எத்தனை படகுகள் கடலுக்குப் போயின என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். கைது எண்ணிக்கையிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டிலும் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் கஞ்சா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பகுதியில் இரவு ரோந்தும் வாகனத் தணிக்கையும் அதிகம் என்பதால் ஒரு மாதத்தில் 200 பேர் சோதிக்கப்படுகிறார்கள். இரண்டாவது பகுதியில் 20 பேர் மட்டுமே. முதல் பகுதியில் 20 பேர் கைதாவார்கள், இரண்டாவதில் 2 பேர். மறுநாள் செய்தியைப் படிப்பவர் முதல் பகுதி பத்து மடங்கு மோசம் என்று முடிவு கட்டுவார். உண்மையில் இரண்டு பகுதிகளுக்கும் இடையே மாறியது சோதனையின் அளவு மட்டுமே. ஆனால் எத்தனை பேர் சோதிக்கப்பட்டார்கள் என்ற எண் செய்திக்குறிப்பில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அது இல்லாமல் இரு பகுதிகளின் கைதுகளை ஒப்பிடுவது, தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமலேயே தேறியவர்களை மட்டும் எண்ணிப் பள்ளிகளைத் தரம்பிரிப்பதற்குச் சமம்.

இதனால் காலவரிசையில் ஓர் எண்ணைப் பார்க்கும் எவரும் அதன் பக்கத்தில் நடவடிக்கைகளின் காலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்ற பெயரில் மாநிலம் தழுவிய தேடுதலை நடத்தியது. 2022 மார்ச் இறுதியில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு என்ற இயக்கத்தை அரசு அறிவித்தது. இத்தகைய காலங்களில் கைதுகள் கூடுவது அந்த நடவடிக்கையின் நோக்கமே. அந்த மாதங்களின் எண்ணை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, இளைஞர்களிடையே பழக்கம் இத்தனை மடங்கு பெருகிவிட்டது என்று சொல்பவர் காவல்துறையின் உழைப்பை அளந்துவிட்டு, அதற்குச் சமூகத்தின் சீரழிவு என்று பெயர் சூட்டுகிறார். இதன் மறுபக்கமும் உண்டு. நடவடிக்கை முடிந்த மாதத்தில் எண் இறங்குவதை வெற்றி என்று அறிவிப்பதும் அதே பிழைதான்.

எந்தச் சட்டம், எந்தப் பொருள், எவ்வளவு எடை

'போதைப்பொருள் வழக்குகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வெவ்வேறு சங்கதிகள் சேர்ந்துகிடக்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், அதாவது நீதிமன்ற வளாகங்களில் என்.டி.பி.எஸ். என்றே வழங்கும் சட்டம், கஞ்சா, ஹெராயின், மெத்தம்பெட்டமைன் போன்றவற்றுக்கானது. குட்கா, பான் மசாலாவுக்கான தடை தமிழகத்தில் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. புகையிலை தொடர்பான வழக்குகளுக்கு 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டமும் இருக்கிறது. பெட்டிக்கடையில் நான்கு குட்கா பாக்கெட் பிடிபட்டதையும் ஆந்திர எல்லையிலிருந்து மூட்டையாக வந்த கஞ்சா பிடிபட்டதையும் ஒன்றாகக் கூட்டி 'போதைப்பொருள் கைது' என்று சொன்னால், அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருளே இல்லை. எண்ணைச் சொல்பவரிடம், இதில் குட்கா சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை எடுத்தாளாதீர்கள்.

மாத்திரைகளின் நிலை இன்னும் சிக்கலானது. வட சென்னையில் அண்மை ஆண்டுகளில் 'வலி மாத்திரை' என்று பேசப்படும் டேபென்டடால், பல ஆண்டுகளாக என்.டி.பி.எஸ். சட்டப் பட்டியலுக்கு வெளியே இருந்தது. அதனால் அதன் சட்டவிரோத விற்பனை வழக்குகள் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும் பொதுவான குற்றப் பிரிவுகளின் கீழும் பதிவாகின. நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளோ என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் வருபவை. கஞ்சாவிலிருந்து அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் மாத்திரைக்கு ஒரு பகுதியின் பழக்கம் மாறினால், என்.டி.பி.எஸ். கைதுகள் இறங்கும், பழக்கம் இறங்கியிருக்காது. உடலுக்கு நேரும் கேடோ, மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் விஷயத்தில் கூடவே செய்யும். என் பார்வையில், இந்தப் பகுதியின் எண்களைப் படிப்பவர்கள் மிக அதிகமாகத் தவறவிடும் இடம் இதுதான்.

எடையைப் பார்க்காமல் கைதைப் பார்க்கக்கூடாது. என்.டி.பி.எஸ். சட்டம் ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோவுக்குக் கீழ், வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். ஹெராயினுக்கு இவை 5 கிராமும் 250 கிராமும்; மெத்தம்பெட்டமைனுக்கு 2 கிராமும் 50 கிராமும். கஞ்சாவைப் பொறுத்தவரை சிறிய அளவுக்குத் தண்டனை ஓராண்டு வரை. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. வணிக அளவு வழக்குகளில் 37ஆம் பிரிவின் கடுமையால் ஜாமீன் கிடைப்பது மிக அரிது. சிறிய அளவு வழக்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு காவல் மாவட்டத்தில் நூறு பேர் கைது என்றால், அதில் எத்தனை பேர் 1 கிலோவுக்குக் கீழே, எத்தனை பேர் 20 கிலோவுக்கு மேலே என்ற பிரிப்பு தெரிந்தால்தான், வலை பொட்டலம் விற்பவரிடம் நின்றுவிட்டதா, சரக்கு அனுப்புபவர் வரை எட்டியதா என்று பேசமுடியும்.

கிலோக் கணக்குக்கும் தனி எச்சரிக்கை தேவை. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் ஒரே சரக்கில் பிடிபட்டது. அப்படி ஒரு பறிமுதல் ஓர் ஆண்டின் மொத்த எடையையே புரட்டிப்போட்டுவிடும்; கைதானவர்களின் எண்ணிக்கையிலோ அது பெரிதாகத் தெரியாது. ஆகவே எடையைச் சொல்லும்போது எத்தனை சம்பவங்களில் பிடிபட்டது என்பதையும், அவற்றில் மிகப் பெரியது எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

'சென்னை' என்பது எந்தச் சென்னை

எல்லைகள் மாறும்போது எண்கள் தாமாகவே மாறும். 2022 ஜனவரியில் சென்னைப் பெருநகரக் காவல் பிரிக்கப்பட்டு, ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி ஆணையரகங்கள் உருவாயின. வடக்கே எண்ணூரும் மணலியும் செங்குன்றமும் ஆவடி ஆணையரகத்துக்குப் போயின; வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு காவல் மாவட்டங்கள் சென்னையிலேயே தொடர்ந்தன. எனவே 2021ஆம் ஆண்டின் 'சென்னை' எண்ணை 2022ஆம் ஆண்டின் 'சென்னை' எண்ணோடு வைத்துக் குறைந்துவிட்டது என்று சொல்பவர், பிரிந்துபோன காவல் நிலையங்களின் வழக்குகளைக் கழித்துவிட்டுப் பேசுகிறாரா என்று பார்க்கவேண்டும். எண்ணூர்க்காரருக்கோ நிலைமை விந்தையானது. மாநகராட்சிக் கணக்கில் அவர் திருவொற்றியூர் மண்டலத்தில் சென்னைவாசி. காவல் கணக்கில் ஆவடிக்காரர்.

இது வெறும் நிர்வாக விவரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை கைது என்ற விகிதத்தைக் கணக்கிடும்போது இது நேராகக் குறுக்கே வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 46 லட்சம். 426 சதுர கிலோமீட்டராக விரிந்த பின் அதே கணக்கெடுப்பின்படி சுமார் 67 லட்சம். ஆவடி, தாம்பரம் எல்லாம் அடங்கிய நகரத்தொகுதிக்குச் சுமார் 87 லட்சம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பெருநகரங்களுக்கான விகிதத்தை இந்த 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்தே கணக்கிட்டு வந்திருக்கிறது. கைது எண் ஓர் எல்லையிலிருந்தும் மக்கள்தொகை இன்னோர் எல்லையிலிருந்தும் எடுக்கப்பட்டால், 46 லட்சத்தால் வகுப்பதற்கும் 87 லட்சத்தால் வகுப்பதற்கும் இடையே விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த மோசடியும் இல்லாமலே இது நடக்கலாம். வகுக்கும் எண் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

எங்கே பிடிபட்டது என்பதும் எங்கே பயன்படுகிறது என்பதும் ஒன்றல்ல என்பதை வட சென்னையின் நிலவியலே சொல்கிறது. ஆந்திர-ஒடிசா எல்லை மலைப்பகுதிகளிலிருந்து வரும் கஞ்சாவுக்கு ரயில் வழி கூடூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எண்ணூர், கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் என்று நீண்டு சென்ட்ரலில் முடிகிறது. சாலை வழி செங்குன்றம், புழல், மாதவரம் வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறது. ஆந்திரப் பேருந்துகள் வந்துநிற்கும் நிலையமும் மாதவரத்தில்தான். ஆக, நகரின் வடக்கு வாசலில் பிடிபடும் ஒரு மூட்டை தென் சென்னைக்கோ, மதுரைக்கோ, கடல் கடந்து இலங்கைக்கோ போகவேண்டியதாக இருக்கலாம். அது வடக்கில் பிடிபட்டது என்ற ஒரே காரணத்துக்காக வடக்கின் பழக்கக் கணக்கில் எழுதப்படுவது அநியாயம். இதற்கு நேர்மாறாக, ரயில்வே காவல்துறை பிடித்தவை குற்ற ஆவணக் காப்பகத்தின் மாவட்ட அட்டவணையில் ரயில்வே காவல் மாவட்டத்தின் கீழ் தனியாக நிற்கின்றன. துறைமுகத்தில் சுங்கத்துறையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் பிடிப்பவற்றையும் மாநகரக் காவல்துறையின் செய்திக்குறிப்பில் தேடிப் பயனில்லை.

வழக்கு, கைது, ஆள்

ஒரு முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் இருக்கலாம். ஒரே ஆள் ஓராண்டில் மூன்று முறை கைதாகலாம். முன்னதில் வழக்கு ஒன்று, கைது ஐந்து. பின்னதில் கைது மூன்று, ஆள் ஒருவர். சிறிய அளவு வழக்கில் விரைவில் வெளியே வருபவர் மீண்டும் பிடிபடுவது அரிதல்ல என்பதால், 300 கைது என்பதை 300 பேர் என்று வாசிப்பது ஆபத்தானது. தமிழ்நாடு சட்டம் 14/1982, அதாவது குண்டர் சட்டம், போதைப்பொருள் குற்றவாளிகளையும் விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்க இடம் தருகிறது. ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் மீதே பெரும்பாலும் அந்த ஆணை பிறப்பிக்கப்படுகிறது. கைதையும் தடுப்புக்காவலையும் கூட்டினால் அதே ஆள் இரண்டு முறை எண்ணப்படுகிறார்.

எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கும் வழிகள் உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், குற்ற ஆவணக் காப்பகம் மிகக் கடுமையான குற்றத்தின் கீழ் மட்டுமே அதை எண்ணும். கொலை வழக்கில் கஞ்சாவும் பிடிபட்டிருந்தால் அது கொலையாகவே கணக்கில் நிற்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களோ இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தனி அட்டவணைக்குப் போகிறார்கள். ஆகவே மாணவர்களைப் பற்றிப் பேசுபவர், பெரியவர்களின் கைது அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஏறியது, இறங்கியது என்று சொல்லமுடியாது.

சிறிய எண்களின் சதவீதத்துக்கு மயங்க வேண்டாம். ஒரு காவல் நிலையத்தில் 4 ஆக இருந்தது 10 ஆனால் அது 150 சதவீத உயர்வு. ஒரே வீட்டில் நடந்த ஒரு சோதனையே அந்த உயர்வுக்குப் போதும்.

கைதுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதும் அதே விவாதத்தின் பகுதிதான். தண்டனை விகிதம் என்று சொல்லப்படுவது அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதாகும். அந்த ஆண்டில் கைதானவர்களில் எத்தனை பேர் என்பதாக அதைக் கொள்ளக்கூடாது. வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே சட்டம் 180 நாள் தருகிறது. தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகும். 'பிடிபட்டவர் அளித்த வாக்குமூலத்தின் பேரில் மேலும் மூவர் கைது' என்ற வரியைப் படிக்கும்போது, தமிழகத்திலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் கொள்ளவேண்டும்: என்.டி.பி.எஸ். சட்டத்தின் கீழ் புலனாய்வு செய்யும் அதிகாரிகளிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது. கைதான மூவரும் குற்றவாளிகள் என்று எழுதிவிட்டால், பின்னர் விடுதலையாகும்போது அந்தச் செய்தியைத் திருத்தி எழுதுபவர் எவருமில்லை.

வட சென்னை என்ற பெயரின் மீது விழும் சுமை

இந்தக் கேள்விகளையெல்லாம் இவ்வளவு கறாராகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் புளியந்தோப்பிலும் வீடுகள் சிறியவை. இளைஞர்களின் பொழுது தெருவிலும் மைதானத்திலும் ஹவுசிங் போர்டு மாடிப்படியிலும்தான் கழிகிறது. தெருவில் நடப்பது ரோந்து வாகனத்தின் கண்ணில் படும். காவலாளியும் நுழைவாயிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் அறைக்குள் நடப்பது படாது. இரண்டு இடங்களிலும் ஒரே அளவு பழக்கம் இருந்தாலும் கைது ஓரிடத்தில்தான் குவியும். அந்தக் குவியலைக் காட்டி மேலும் காவலர்கள் அனுப்பப்படுகிறார்கள். அதனால் கைது மேலும் கூடுகிறது. கூடிய எண் முதலில் எடுத்த முடிவுக்கே சாட்சியாகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் முகவரியைச் சொல்லத் தயங்கும் இளைஞர்களை இப்பகுதியில் எல்லோரும் அறிவோம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கஞ்சாவைத் தொட்டதே இல்லை.

அதற்காக, இங்கே பிரச்சினையே இல்லை என்று சொல்வதற்கும் இந்த எண்கள் உதவா. எண் நம்பத்தக்கதல்ல என்பதிலிருந்து துன்பம் பொய் என்று முடிவெடுப்பது, பிள்ளையை இழந்த தாய்மார்களுக்குச் செய்யும் கொடுமை. தெருவில் விற்பனை நடக்கிறது என்று புகார் சொல்லும் பெண்களின் சொல்லுக்கு, எந்த அட்டவணையும் உறுதி செய்யாவிட்டாலும், மதிப்பு உண்டு.

கைது எண்கள் சிலவற்றை நன்றாகவே சொல்லும். பொருளின் வகை மாறுகிறதா, பிடிபடும் அளவு சிறியதா பெரியதா, கைதாகிறவர்களின் வயது இறங்குகிறதா, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களா என்பவற்றுக்கு அவை நல்ல சான்று. சோதனையின் அளவு கூடினாலும் குறைந்தாலும் இந்தப் பங்குகள் மொத்த எண்ணைப் போல எளிதில் ஆடிப்போவதில்லை. நடவடிக்கை முறை மாறினால் இவையும் மாறும் என்பதை மட்டும் கவனத்தில் வைக்கவேண்டும். பழக்கத்தின் அளவை அறிய ஆட்களிடமே கேட்டு எடுக்கும் ஆய்வுதான் வழி. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 14.6 சதவீதம் பேர் மதுவையும் 2.8 சதவீதம் பேர் கஞ்சா வகைகளையும் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. ஆனால் அது மாநில அளவில் நின்றுவிடுகிறது; வண்ணாரப்பேட்டைக்கென்று அதில் எண் எதுவும் கிடையாது. அரசு மருத்துவமனைகளின் போதைமீட்புப் பிரிவுகளுக்கு வருவோர், அளவுக்கு மீறிய போதையால் அவசரப் பிரிவில் சேர்க்கப்படுவோர், 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைப்போர் ஆகியவற்றின் போக்கையும் கைதின் போக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் போனால் நம்பிக்கையோடு பேசலாம். கைது மட்டும் ஏறி, மற்றவை அசையாமல் இருந்தால், மாறியது காவல் நடவடிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கு வருவோர் பெருகுவதிலும் ஒரு நல்ல செய்தி இருக்கலாம்: பயமின்றி வருகிறார்கள் என்பது. தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்து முழுமையாக முடிப்பவர்களுக்கு, சிறிய அளவு வழக்குகளிலும் பயன்படுத்திய வழக்குகளிலும், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு ஒருவிதப் பாதுகாப்பையும் தருகிறது. அதை அறிந்த குடும்பங்கள் மிகக் குறைவு.

விவாதத்துக்கு முன் எண்களை நேரடியாகப் பெறவும் வழி இருக்கிறது. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் காவல்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் மாநில அளவிலான எண்கள் கிடைக்கும். பகுதிவாரியாக வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். வட சென்னை முழுவதுக்கும் ஒரே விண்ணப்பம் போதாது. சென்னை ஆணையர் அலுவலகம், ஆவடி ஆணையர் அலுவலகம், ரயில்வே காவல்துறை என மூன்று இடங்களின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் தனித்தனியாக அனுப்பவேண்டும். ஏன் அதிகமாயிற்று என்று காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளுபடி ஆகலாம். பெயர்களைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள், அது மறுக்கப்படுவதே சரி. காவல் நிலையம் வாரியாக, மாதம் வாரியாக, 2022 ஜனவரி முதல், சட்டமும் பிரிவும் குறித்து, பொருள், எடை வகை, வழக்குகள், கைதானவர்கள், அவர்களில் முன்பே கைதானவர்கள், குண்டர் சட்ட ஆணைகள், விசாரணை முடிந்தவை, தண்டனையில் முடிந்தவை என்று எண்களை மட்டும் கேளுங்கள்.